இருமல் நின்றாலும் மணி அடிக்கட்டும்: ஆஸ்துமா பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் கைப்பேசி

இருமல் நின்றதும் மருந்தும் நின்றுவிடுகிறது. ஆஸ்துமா உள்ள சிறுவர்களைக் கவனிக்கும் மருத்துவர்களுக்கு இது பழகிப்போன கதை. நள்ளிரவில் பிள்ளைக்கு இழுப்பு வந்து, டாக்சி பிடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிய பெற்றோர்கூட, இரண்டு வாரம் கழித்து அவன் ஓடியாடுவதைப் பார்த்ததும் இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் ஏறக்குறைய ஐந்து சிறுவரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருப்பதாகக் கூறப்படுகிறது. அவர்களில் பலருக்கு இரண்டு வகை இன்ஹேலர்கள் தரப்படுகின்றன. நீல நிறத்தில் இருப்பது மூச்சுத்திணறலின்போது எடுப்பது. இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். மற்றொன்று தடுப்பு மருந்து. குழாயின் உட்புற வீக்கத்தைக் குறைப்பது இதுதான். ஆனால், அது மெதுவாகத்தான் வேலை செய்யும். நிறுத்தினாலும் மறுநாளே எதுவும் தெரியாது. அடுத்த சளிக்காய்ச்சலோ புகைமூட்டமோ வரும்போதுதான் தெரியும்.

மறதி மட்டும் காரணமன்று. “பம்ப் பழகிப்போகும்” என்று பாட்டி சொல்வார். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு அம்மா பயப்படுவார். தடுப்பு இன்ஹேலர் அடிமைப்படுத்தாது. சிறிய அளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. நீண்டகாலம் எடுத்தால் சில பிள்ளைகளின் உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையலாம் என்பது உண்மை. அதனால்தான் மருத்துவர்கள் உயரத்தை அளந்து, தேவையான குறைந்த அளவையே தருகிறார்கள். இந்தப் பயத்தை எந்தச் செயலியாலும் போக்க முடியாது. மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

மறதிக்குத்தான் கருவி உதவும். எவ்வளவு உதவும் என்பதை நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஆய்வு காட்டியது. ஆஸ்துமா முற்றி அவசர சிகிச்சைக்கு வந்த 6 முதல் 15 வயதுவரையிலான 220 சிறுவர்களின் இன்ஹேலர்களில், மருந்து எடுப்பதைப் பதிவுசெய்யும் சிறு கருவி பொருத்தப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் கருவி ஒலியெழுப்பி நினைவூட்டியது. 2015ல் வெளியான முடிவின்படி, ஒலி கேட்டவர்கள் எடுக்கவேண்டிய மருந்தில் 84 விழுக்காட்டை எடுத்திருந்தனர்; கேட்காதவர்கள் 30 விழுக்காடுதான். ஆஸ்துமா தொல்லையும் முதல் பிரிவில் கூடுதலாகக் குறைந்தது. ஆனால், பள்ளிக்கு வராத நாள்களில் பெரிய வேறுபாடு இல்லை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இன்னொரு படி சென்றார்கள். நினைவூட்டியதோடு, பதிவான விவரங்களைச் சிறுவர்களோடு மருத்துவர்கள் பேசியும் பார்த்தனர். மருந்து எடுத்தது 49க்குப் பதில் 70 விழுக்காடானது. மருத்துவமனையில் சேரும் தேவையும் குறைந்தது. சிங்கப்பூருக்கும் இது புதிதன்று. திறன்பேசி எல்லார் கையிலும் வருமுன்பே டான் டோக் செங் மருத்துவமனை பெரியவர்களிடம் குறுஞ்செய்திவழிக் கண்காணிப்பைச் சோதித்துப் பார்த்தது.

வீட்டில் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. திறன்பேசியின் அலாரமே போதும். ஆனால், யாருடைய கைப்பேசியில் என்பதுதான் கேள்வி. தேக்காவில் கடை நடத்தும் அப்பா இரவு பத்து மணிக்குத்தான் வீடு திரும்புவார். அம்மாவுக்கு ஷிஃப்ட் வேலை. அவர்கள் கைப்பேசியில் மணி அடித்து என்ன பயன்? அந்நேரம் பிள்ளையோடு இருக்கும் பாட்டியின், அல்லது பணிப்பெண்ணின் கைப்பேசியில் அடிக்க வேண்டும். எடுத்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ‘டிக்’ போட்டால், அப்பா வந்து மறுமுறை கொடுப்பதும் தவிர்க்கப்படும். அலாரத்தைப் பல் துலக்கும் நேரத்துக்கு வைப்பது நல்லது. இந்த மருந்தை எடுத்தபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும்; இல்லாவிட்டால் வாய்ப்புண் வரலாம்.

இன்னொரு மணியும் தேவை. 120 முறை அழுத்தக்கூடிய இன்ஹேலரைக் காலையிலும் இரவிலும் இரண்டிரண்டு முறை எடுத்தால் சரியாக 30 நாளில் தீர்ந்துவிடும். எண்ணிக்கை காட்டாத இன்ஹேலர், மருந்து தீர்ந்த பிறகும் ‘புஸ்’ என்று காற்றைத் தள்ளும். வேலை செய்வதாகவே தோன்றும். திறந்த நாளன்றே 25ஆம் நாளுக்கு ஒரு நினைவூட்டலைப் பதிந்துவிடலாம்.

பிள்ளை ஸ்பேசர் வைத்து மருந்தை இழுப்பதைக் காணொளியாக எடுத்துச் சென்று தாதியிடம் காட்டலாம். முகமூடி சரியாகப் பதியாதது, அவசரமாக மூச்சிழுப்பது போன்றவை அதில் பிடிபட்டுவிடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ‘மைஇஎன்வி’ செயலியில் புகைமூட்ட நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சாம்பிராணிப் புகைக்கு எச்சரிக்கை தரும் செயலி இன்னும் வரவில்லை. அதை வீட்டார்தான் கவனிக்க வேண்டும்.

தொடக்கநிலை ஆறைத் தாண்டிய பிள்ளையிடம் அணுகுமுறை மாறவேண்டும். அலாரம் அவர்கள் கைப்பேசிக்குப் போகட்டும். வாரம் ஒருமுறை பெற்றோர் சேர்ந்து பார்த்தால் போதும். இல்லையென்றால் மருந்து எடுக்காமலே ‘டிக்’ போடக் கற்றுக்கொள்வார்கள்.

4 முதல் 11 வயதுள்ளவர்களுக்கு ஏழு கேள்விகள் கொண்ட ஆஸ்துமா கட்டுப்பாட்டுச் சோதனை உண்டு. மதிப்பெண் 19 அல்லது அதற்குக் கீழ் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் நான்கு கேள்விகளுக்குப் பிள்ளைதான் பதில் சொல்லவேண்டும். பக்கத்தில் இருந்து அம்மா எடுத்துக் கொடுக்கக்கூடாது.