வட்ட மேசையில் மூன்று துரோகிகள்

ஒரு கூட்டத்தில் சிலருக்கு மட்டும் உண்மை தெரிந்திருக்க, ஏனையோர் அதை அறியாமலேயே அவர்களோடு கூடியிருந்து முடிவெடுக்க வேண்டிவந்தால் அந்தக் கூட்டம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஆட்டமாக மாற்றியிருப்பது 'தி டிரெய்ட்டர்ஸ்' என்னும் ரியாலிட்டி நிகழ்ச்சியாகும். இது 2021இல் நெதர்லாந்தின் ஆர்டிஎல் 4 அலைவரிசையில் பிறந்தது; அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மார்க் போஸுக்குத் தூண்டுதலாக அமைந்தது, 1629இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் பவளத்திட்டில் மோதி உடைந்த 'படாவியா' என்னும் டச்சுக் கப்பலின் வரலாறு. தளபதி உதவி தேடிப் படகில் சென்றுவிட, தீவுகளில் ஒதுங்கியவர்களின் தலைமையைக் கைப்பற்றிய யெரோனிமஸ் கொர்னேலிஸ் என்பவன், ஒரு சிறு சதிக்கூட்டத்தைக் கொண்டே நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொல்வித்தான். தொடக்கக் கொலைகள் மறைவாகவே நிகழ்ந்ததால், எண்ணிக்கையில் மிகுந்திருந்த மற்றவர்களால் ஒன்றுதிரண்டு எதிர்க்க முடியாமற்போனது.

ஆட்டத்தின் எலும்புக்கூடு அந்தக் கப்பலின் கதையைவிட மிகவும் பிற்காலத்தது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவராயிருந்த டிமிட்ரி டேவிடாஃப் 1980களின் பிற்பகுதியில் 'மாஃபியா' என்ற குழு விளையாட்டை அமைத்தார். விவரம் அறிந்த சிறுபான்மைக்கும் விவரம் அறியாத பெரும்பான்மைக்கும் இடையிலான மோதலே அதன் கரு; இரவில் சிறுபான்மை ஒருவரைக் கொல்லும், பகலில் அனைவரும் கூடி வாக்களித்து ஒருவரை நீக்குவர். ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுத் திருடனைக் கண்டுபிடிக்கச் சொல்லும் நம் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், அதில் தவறாகச் சுட்டினால் மதிப்பெண் போகுமே தவிர ஆள் போவதில்லை.

2022 நவம்பரில் பிபிசியில் தொடங்கிய பிரித்தானிய வடிவத்தைக் கொண்டு விதிகளை விளக்குவது எளிது. ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராஸ் கோட்டையில் 22 பேர் கூடுகின்றனர். கண்கள் கட்டப்பட்ட நிலையில் அவர்கள் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, தொகுப்பாளர் கிளாடியா விங்கிள்மேன் மூவரின் தோளை மட்டும் தொட்டுச் செல்கிறார். தொடப்பட்டவர்கள் துரோகிகள், மற்றவர்கள் விசுவாசிகள். பகலில் அனைவரும் சேர்ந்து சவால்களை முடித்துப் பரிசுத் தொகையை 1,20,000 பவுண்டு வரை வளர்க்கலாம். மாலையில் வட்ட மேசையில் வாதிட்டு, ஒவ்வொருவரும் ஒரு பெயரைப் பலகையில் எழுதி வெளிப்படையாகக் காட்டி, அதிக வாக்குப் பெற்றவரை வெளியேற்றுகின்றனர். இரவில் துரோகிகள் தனியே கூடி ஒரு விசுவாசியைக் 'கொலை' செய்கின்றனர், அதாவது அவர் மறுநாள் காலை உணவுக்கு வரமாட்டார். முடிவில் எஞ்சியிருப்போர் அனைவரும் விசுவாசிகள் என்றால் தொகை அவர்களுக்குப் பகிரப்படும். ஒரு துரோகி மிஞ்சியிருந்தாலும் முழுத் தொகையும் துரோகத் தரப்புக்கே போய்விடும். பிக் பாஸில் நேயர்களின் வாக்கு ஆளைக் காப்பாற்றுவதுபோல இங்கே எதுவும் இல்லை. நேயர்களுக்குத் துரோகிகள் யாரென்று பெரும்பாலும் முதல் நாளிலேயே தெரியும், அவர்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

22 பேரில் மூவர் என்பது மிகக் குறைவாகத் தோன்றலாம். மார்க் பிரேவர்மேன், ஒமித் எதேசமி, எல்கனான் மொசெல் ஆகிய மூவர் 2008இல் வெளியிட்ட கணிதக் கட்டுரை இந்த ஐயத்தைத் தீர்க்கிறது. துப்பறியும் அதிகாரம் எவருக்கும் இல்லாத மாஃபியா ஆட்டத்தில், மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டிய அளவில் மாஃபியாவினர் இருந்தாலே இரு தரப்புக்கும் வெற்றி வாய்ப்பு ஏறக்குறையச் சமமாகிவிடும் என்று அவர்கள் நிறுவினர். ஆட்டம் பெரிதாகப் பெரிதாக, தேவைப்படும் மாஃபியாவின் விகிதம் சுருங்கிக்கொண்டே போகும் என்பது இதன் பொருள். மாறாக, பிறர் அடையாளத்தை அறியும் துப்பறிவோர் சிலரைச் சேர்த்துவிட்டால், மாஃபியாவினர் மொத்தத்தில் ஒரு நிலையான பங்கினராக இருந்தால்தான் ஈடுகொடுக்க முடியும். தொலைக்காட்சி வடிவமோ துப்பறிவோரைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை.

அவ்வாறெனில் விசுவாசிகளிடம் எஞ்சுவது முகத்தையும் குரலையும் பார்த்துப் பொய்யைக் கண்டறியும் திறன் ஒன்றுதான். அத்திறன் எவ்வளவு என்பதைச் சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டெபாலோவும் 2006இல் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். மெய்யையும் பொய்யையும் மனிதர்கள் சரியாகப் பிரித்தறியும் அளவு சராசரியாக 54 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினால் கிடைப்பது 50. இந்த 54 விழுக்காட்டை வட்ட மேசைக்குக் கொண்டுவந்தால், மூன்று துரோகிகளில் ஒன்றரைப் பேர்மீது சரியாகச் சந்தேகம் விழும்போது, 19 விசுவாசிகளில் எட்டு ஒன்பது பேர்மீது தவறாக விழும். சந்தேகிக்கப்பட்ட பத்துப் பேரில் இரண்டு பேர்கூட உண்மைத் துரோகிகளாக இருக்கமாட்டார்கள். முதல் சில நாட்களில் விசுவாசிகள் வரிசையாகத் தம் கூட்டாளிகளையே வெளியேற்றுவதைப் பார்த்து நேயர்கள் அவர்களை அறிவிலிகள் என்று ஏசுவது வழக்கம். விடை முன்கூட்டியே தெரிந்தவர்களின் ஏச்சு அது.

இதைவிட நுட்பமான சிக்கல், விசுவாசி ஒவ்வொருவரின் தனி நலனும் விசுவாசிகள் குழுவின் நலனும் ஒன்றாக இல்லாமையே. துரோகியைக் கண்டறிவது குழுவுக்கு நல்லது. ஆனால் தன் கணிப்பை உரக்கச் சொல்பவர் அது தவறாகிவிட்டால் தானே சந்தேகத்துக்கு உள்ளாகிறார், சரியாகிவிட்டால் அன்றிரவே துரோகிகளால் கொல்லப்படும் அபாயத்தை வரவழைத்துக்கொள்கிறார். ஆகவே, உருவாகிவரும் பெரும்பான்மையோடு கடைசி நேரத்தில் சேர்ந்துகொள்வதே ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பான வழியாகிறது. ஒருவர் மிகவும் அமைதியாக இருந்தார், இன்னொருவர் தேவைக்கு அதிகமாகப் பேசினார் என்பன போன்ற அற்பக் காரணங்கள் பிற்பகலில் முணுமுணுப்பாகத் தொடங்கி மாலைக்குள் தீர்ப்பாகிவிடுவதன் சூட்சுமம் இதுதான். இரவுக் கொலைகள் கூர்மையானவர்களை அகற்ற, மாலை வாக்கெடுப்பு ஒட்டாதவர்களை அகற்ற, இறுதிக்கட்டத்தில் எஞ்சுவோர் பெரும்பாலும் எவருக்கும் இடையூறாக இல்லாதவர்களாகவே இருப்பர்.

ஆட்டத்தில் கிடைக்கும் உறுதியான சான்று வாக்குப் பதிவு மட்டுமே. யார், எப்போது, யார் பெயரை எழுதினார் என்பதை மறைக்க முடியாது. துரோகிகள் இதை நன்கு அறிந்திருப்பதால், தம் கூட்டாளி எப்படியும் வீழப்போகிறார் என்று தெரிந்ததும் அவருக்கு எதிராக முந்திக்கொண்டு வாக்களித்து, அந்த வாக்கையே தம் நேர்மைக்குச் சான்றிதழாகக் காட்டுகின்றனர். பிரித்தானியாவின் இரண்டாம் பருவத்தை 2024இல் வென்ற ஹாரி கிளார்க், உடனிருந்த துரோகிகளைக் கைகழுவத் தயங்காதவர். இறுதியில் அவரோடு எஞ்சிய விசுவாசி அவரைத் தோழராகவே நம்பியிருந்தார். 2023இல் அமெரிக்க வடிவத்தின் முதல் பருவத்தை வென்ற சிரி ஃபீல்ட்ஸும், 'சர்வைவர்' போட்டியில் நான்கு முறை ஆடித் தேர்ந்தவர் என்பது யாவரும் அறிந்ததாயிருந்தும், கடைசி இரு விசுவாசிகளின் முழு நம்பிக்கையோடு 2,50,000 டாலரைப் பெற்றார். திறமையான பொய்யர்களைவிட, பொய் சொல்லவேண்டிய தருணங்களையே குறைத்துக்கொண்டு மெய்யான நட்பை வளர்ப்பவர்கள்தான் இதில் நெடுந்தூரம் செல்கின்றனர் என்று கருத இடமுண்டு.

துரோகிகளுள் ஒருவர் பிடிபட்டால் ஆட்டம் சுருங்கிவிடாதபடி ஆள்சேர்ப்பு என்ற விதி காக்கிறது. எஞ்சிய துரோகிகள் கொலைக்குப் பதிலாக ஒரு விசுவாசிக்கு அழைப்பு அனுப்பலாம், அவர் மறுக்கலாம், ஒரே ஒரு துரோகி எஞ்சிய நிலையிலோ, சேர்வதா சாவதா என்ற கெடுவாகவே அந்த அழைப்பு அமையக்கூடும். இதனால் ஒரு விந்தையான விளைவு உண்டாகிறது. தொடக்கத்திலேயே துரோகியைப் பிடிப்பதால் விசுவாசிகளுக்குப் பெரிய ஆதாயமில்லை; அவர் இடத்தில் புதியவர் வந்துவிடுவார். யாரென்று தெரிந்த துரோகியை வெளியேற்றாமல் இறுதிவரை வைத்திருந்து கடைசியில் நீக்குவதே கணக்குப்படி சிறந்த உத்தி, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்பவரை மற்றவர்கள் துரோகியின் காவலர் என்றே எண்ணுவர் என்பதால் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது.

கெடு வைத்துச் சேர்க்கப்பட்டவரிடம் பற்றை எதிர்பார்க்க முடியாது என்பதை முதல் பிரித்தானியப் பருவமே காட்டிவிட்டது. அதில் தனித்து நின்ற துரோகி கட்டாயப்படுத்திச் சேர்த்த கூட்டாளி, இறுதிக்கட்டத்தில் தாமே வெளியேற்றப்படப்போவதை உணர்ந்ததும், பிரிவுப் பரிசு என்று சொல்லிக்கொண்டே தம்மைச் சேர்த்தவரை நோக்கிக் கைகாட்டிவிட, பன்னிரண்டு நிகழ்வுகளாக ஐயத்துக்கு அப்பாற்பட்டிருந்தவர் அங்கேயே வீழ்ந்தார். தொகை மூன்று விசுவாசிகளுக்குப் போனது.

2025 ஜனவரியில் ஒளிபரப்பான மூன்றாம் பருவத்தில் தயாரிப்பாளர்கள் துப்பறியும் அதிகாரத்தைச் சிறிதளவு சேர்த்துப் பார்த்தனர். இறுதியை நெருங்கும்போது ஒருவருக்கு மட்டும் இன்னொருவரின் அடையாளத்தை அறியும் உரிமை வழங்கப்பட்டது. அந்த விசுவாசி தேர்ந்தெடுத்த நபர் உண்மையிலேயே துரோகிதான். அவரோ தம் அடையாளத்தை ஒப்புக்கொள்ளாமல், பொய் சொல்பவர் எதிரிலிருப்பவரே என்று திருப்பிக் குற்றஞ்சாட்டினார். துரோகி வெளியேற்றப்பட்ட பின்னும் அந்த ஐயம் தங்கிவிட்டது. இறுதிச் சுற்றில் வெளியேறுவோர் தம் அடையாளத்தைச் சொல்லக்கூடாது என்ற புதிய விதியும் சேர்ந்துகொள்ள, உண்மையை உறுதியாக அறிந்திருந்த அந்த ஒரே விசுவாசியையே மற்ற விசுவாசிகள் வெளியேற்றினர். ஒருவரிடம் உள்ள அறிவு, அவரை நம்பாத கூட்டத்தில் அறிவாகச் செல்லுபடியாவதில்லை என்பதற்கு ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு துல்லியமான சோதனை அமைவது அரிது.

பல துரோகிகள் இறுதிவரை வந்துவிட்டால் என்ன ஆகும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும் விதியைப் பொறுத்தது. ஆஸ்திரேலிய வடிவத்தில் அவர்கள் ஒவ்வொருவரும் பகிர்வதா, பறிப்பதா என்று தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். அனைவரும் பகிர்ந்தால் சமபங்கு, ஒருவர் மட்டும் பறித்தால் முழுத்தொகையும் அவருக்கு, அனைவரும் பறித்தால் எவருக்கும் எதுவுமில்லை. 2023இல் ஒளிபரப்பான இரண்டாம் பருவத்தில் எஞ்சிய மூவரும் துரோகிகளாயிருந்து, மூவரும் பறிப்பதைத் தேர்ந்து, மூவரும் வெறுங்கையோடு திரும்பினர். பிபிசி வடிவத்தில் அத்தகைய கடைசித் தேர்வு இல்லை, எஞ்சிய துரோகிகள் தொகையைப் பகிர்ந்துகொள்வர். அங்கே 2026இல் முடிந்த நான்காம் பருவத்தில், தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரேச்சல் டஃபியும் ஸ்டீஃபன் லிபியும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதில்லை என்ற உடன்படிக்கையைக் கடைசி வாக்குவரை காத்து, பரிசை ஆளுக்குப் பாதியாகப் பெற்றனர்.