தாத்தா துப்பாக்கியில் யார் பெயர்?

திருப்பூர் பக்கம் பழைய வீட்டைப் பிரிக்கும்போது, பரணில் வேட்டைத் துப்பாக்கி ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் பெயர். சேகரிப்பாளர்கள் தேடுவது இந்த எழுத்தைத்தான்.

1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைஃபிளிலும், அவர் பெயரும் காரணமும் பொறித்த வெள்ளித் தகடு உண்டு. தேய்த்து மெருகேற்றினால் எழுத்து போகும், மதிப்பும் போகும்.

ஆனால் உஷார்! சுடும் நிலையில் இருந்தால் எவ்வளவு பழசானாலும் உரிமம் கட்டாயம். பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் 1959 ஆயுதச் சட்டத்தில் விலக்கு. 2019 திருத்தப்படி, துப்பாக்கி சுடும் வீரர்கள் நீங்கலாக, பரம்பரைத் துப்பாக்கியையும் சேர்த்து ஒருவருக்கு இரண்டுதான்.

ஆன்லைனில் விலை விசாரிக்கும் முன், போலீஸில் தகவல் சொல்லிவிடுங்கள்.