மாப்பிள்ளைக்குத் தீப்பெட்டி வேண்டுமாம்!

அம்பாசமுத்திரம் ரயிலடி. செங்கோட்டை வண்டி வந்து நிற்கிறது. உங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்குகிறார்கள். பெண் பெட்டியை எண்ணுகிறாள். மாப்பிள்ளையோ சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். "இங்கே கடை எங்கே இருக்கிறது?" என்று மெல்ல மைத்துனன் காதில் கேட்கிறார்.

உங்களுக்குப் புரிந்துவிடுகிறது. புரியாததுபோல், "பிரயாணம் சௌகரியமா?" என்று விசாரிக்கிறீர்கள்.

இப்படி ஒரு மாப்பிள்ளையோ, வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணன் மகனோ, குற்றால சீசனுக்கு வரும் சம்பந்தியோ உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும். அவர்களிடம் நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், இந்தப் பக்கத்தை விரித்து ஊஞ்சல் பலகையில் வைத்துவிடுங்கள். மற்றது நம் பொறுப்பு.

எங்கே கூடாது?

முதல் சங்கதி, ரயிலடியிலேயே பற்ற வைக்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டு புகையிலைச் சட்டமும், அதன் கீழ் 2008 அக்டோபர் 2, காந்தி ஜயந்தியன்று அமுலுக்கு வந்த விதிகளும் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கின்றன. ரயில் நிலையம், பஸ் நிறுத்தம், ஹோட்டல், சினிமாக் கொட்டகை, ஆஸ்பத்திரி, ஆபீஸ் எல்லாமே இதில் அடக்கம். மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். ரயிலுக்குள் புகைத்தால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டமும் தன் பங்குக்கு 100 ரூபாய் வரை கேட்கும்.

முப்பது அறைகளுக்குக் குறையாத ஹோட்டல்களும், முப்பது பேருக்குக் குறையாமல் உட்கார இடமுள்ள உணவு விடுதிகளும் தனியாக ஓர் அறை ஒதுக்கலாம். நம் ஊர் காப்பிக் கடைகளில் அந்த ஆடம்பரத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

"இதெல்லாம் நம் ஊரில்தான், ஐரோப்பாவில் இப்படி இல்லை" என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்ப்பார். ஏமாறாதீர்கள். வேலை செய்யும் இடங்களில் புகையை அயர்லாந்து 2004-லேயே நிறுத்திவிட்டது. இங்கிலாந்து 2007-ல் நிறுத்தியது. பாரிஸில் சிகரெட் வாங்க வேண்டுமானால் சிவப்புச் சாய்சதுரப் பலகை தொங்கும், அரசு அனுமதி பெற்ற கடையைத் தேடிப் போக வேண்டும். 2025 கோடையிலிருந்து அங்கே பூங்காவிலும் கடற்கரையிலும்கூடப் புகைக்க முடியாது. அந்த விஷயத்தில் பாரிஸைவிட அம்பை தாராளம்தான்!

வாங்குவதானால்?

இங்கே பெட்டிக் கடையில் கிடைக்கும். ஆனால் வாங்கிவர உங்கள் பேரனை அனுப்பாதீர்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பதும், அவர்களைக் கொண்டு விற்பதும் குற்றம். பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பனையே கூடாது. "தாத்தாவுக்கு ஒரு கட்டு வாங்கி வாடா" என்று சில்லறையைக் கொடுத்துச் சிறுவனை அனுப்பிய காலம் மலையேறிவிட்டது.

குட்கா, பான் மசாலா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013-லிருந்து தடை. மின்சார சிகரெட் என்று பேனா மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு வருகிறார்களே, அதன் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் 2019-ல் நாடு முழுவதும் தடை வந்துவிட்டது. அண்ணன் மகன் ஆசையாகக் கொண்டுவந்தால், விமான நிலையத்திலேயே தொல்லை. சிகரெட்டாகக் கொண்டுவந்தாலும், சுங்க விதிகளின்படி வரியில்லாமல் நூறுக்கு மேல் கூடாது.

பெட்டியின் மேல் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு இடத்தில் எச்சரிக்கைப் படம் அச்சிட வேண்டும் என்பது 2016 முதல் சட்டம். பார்த்தால் சோறு இறங்காது. ஆனால் ஒன்று ஒன்றாக உதிரியாய் வாங்குகிறவர் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. அதுதான் வேடிக்கை, வேதனையும் கூட.

மலைக்குப் போகிறீர்களா?

மாப்பிள்ளை வந்தால் பாபநாசம், காரையாறு, சொரிமுத்து ஐயனார் கோயில், மணிமுத்தாறு என்று போகாமல் இருப்பீர்களா? புளியோதரை கட்டுங்கள்; தீப்பெட்டியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பாபநாசத்துக்கு மேலே விரிந்து கிடப்பது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-ல் அமைந்தது. சரணாலயத்துக்குள் ஆபத்து உண்டாகும்படி நெருப்பு மூட்டுவதும், எரியவிட்டுப் போவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு துண்டு சிகரெட் போதும். பிறகு புலிக்கும் வீடில்லை, மானுக்கும் வீடில்லை.

அணைத்துவிட்டு ஆற்றில் போட்டால் என்ன என்கிறாரா? சிகரெட்டின் அடியில் இருக்கும் பஞ்சு, பஞ்சே அல்ல, ஒருவகைப் பிளாஸ்டிக். காசிநாதர் கோயில் படித்துறையில் நாம் முங்கிக் குளிக்கும் தாமிரபரணிக்கு அந்தக் காணிக்கை வேண்டாம்.

சுளகுக்கு முன்னால்

இதுவரை சொன்னது ஆண்களுக்கு. இனிச் சொல்வது நமக்கு.

அம்பையைச் சுற்றி, முக்கூடல், கடையம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும், திண்ணையில் மடிமேல் சுளகோடு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளிலிருந்து வரும் இலையை நனைத்து, ஈரத் துணியில் சுற்றிவைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, முனை மடக்கி... பேச்சு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லாததைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுவார்கள்.

அந்தக் கூலியில்தான் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்திருக்கிறது. பெண் பிள்ளைகள் காலேஜ் வாசலை மிதித்திருக்கிறார்கள். இவர்களுக்காக 1966-ல் ஒரு தனிச் சட்டமும், 1976-ல் ஒரு நலநிதிச் சட்டமும் வந்தன. ஆனாலும் முதுகுவலியும் கழுத்துவலியும் கூடவே வந்தன. புகையிலைத் தூள் மூச்சில் போகிறது. நிகோடின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறுகிறது.

அப்படிச் சுற்றும் ஒருத்தியிடம், "உங்க வீட்டுல யாராவது பீடி குடிப்பாங்களாம்மா?" என்று கேட்டேன். சுளகை விட்டு நிமிரவில்லை.

"ஆயிரம் ஆயிரமா சுத்திக் குடுக்குதேன் அக்கா. ஆனா எங்க வீட்டுல ஒருத்தர் கையிலயும் ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். எங்க அய்யா இருமி இருமிப் போனதைப் பக்கத்துல இருந்து பார்த்தவ நான்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பீடிதானே, இலைதானே, சிகரெட்டைவிடத் தேவலை என்று நினைப்பவர் பலர். தவறு. அதில் புகையிலை குறைவுதான். ஆனால் இலை காற்றை விடாது. இழுத்துக்கொண்டே இருக்காவிட்டால் அணைந்துபோகும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிட அதிகமாகவே நெஞ்சுக்குள் இறங்குகின்றன. 2016–17-ல் எடுத்த தேசியக் கணக்கில், பெரியவர்களில் நூற்றுக்கு 4 பேர் சிகரெட் பிடித்தார்கள்; பீடி பிடித்தவர்கள் 7.7 பேர்.

வீட்டுக்குள் நம் சட்டம்

சட்டம் பொது இடத்தோடு நின்றுவிடுகிறது. நம் வீட்டு வாசற்படியைத் தாண்டாது. உள்ளே சட்டம் போட வேண்டியவர் நீங்கள்தான். கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் மற்றவர் விடும் புகையால் பிறக்கும் குழந்தையின் எடை குறையலாம். சின்னக் குழந்தைக்கு இழுப்பும் காதுநோயும் வரலாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது வெறும் சமாதானம்.

ஆகையால் மாப்பிள்ளை கேட்டால் தீப்பெட்டியைக் கொடுங்கள், விளக்கேற்ற. கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் 1800-11-2356 என்ற எண்ணையும் எழுதிக் கொடுங்கள். புகையை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்ல, அரசாங்கம் நடத்தும் இலவசத் தொலைபேசி எண் அது.

கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்ச வேண்டாம். இரவு கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் பொரித்துச் சுடச்சுட இலையில் வையுங்கள். எந்த மாப்பிள்ளையின் கோபமும் அதற்கு மேல் நிற்காது!