ஜாக்கிக்கு முப்பது, ராஜாவுக்கு மூன்று

ராஜாவைவிட ஜாக்கி பெரியவன் என்று சொன்னால் ரம்மி ஆடுபவர்கள் சிரிப்பார்கள். முந்நூற்று நாலு ஆடுபவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30 புள்ளி. அடுத்த இடம் ஒன்பதுக்கு, 20. அதற்குப் பிறகுதான் ஆஸ் 11, பத்து 10. ராஜா மூன்றே புள்ளியோடு ஐந்தாம் இடத்தில் நிற்கிறார், ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றும் கிடையாது. ஒரு சின்னத்தின் எட்டுச் சீட்டுகளையும் கூட்டினால் 76. ஆட்டின், டைமன், கிளாவர், ஸ்பேடு என நான்கு சின்னங்களுக்கும் சேர்த்து 304. மொத்தப் புள்ளியே ஆட்டத்துக்குப் பெயராகிவிட்டது.

யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் சீட்டாட்டம் என்று பேச்செடுத்தால் முதலில் வாயில் வருவது இந்த ஆட்டம்தான். அங்கிருந்து லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் போனவர்கள் இதையும் கூடவே கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டிலும் கடலோரக் கர்நாடகத்திலும் இதை ஆடுகிறவர்கள் உண்டு. கேரளத்தில் இதன் தம்பி இருக்கிறது, பெயர் இருபத்தெட்டு. அதில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஆக, சின்னத்துக்கு 7, மொத்தம் 28. தோற்றவர்கள் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டம் ஆட வேண்டும் என்பது கேரளத்து வழக்கம். காசு வைத்து ஆடுவதைவிட இது எவ்வளவோ மேல். போவது மானம் மட்டும்தான், அதுவும் அடுத்த வெற்றியில் திரும்பிவிடும்.

ஜாக்கியையும் ஒன்பதையும் தூக்கி உச்சியில் வைக்கும் பழக்கம் ஐரோப்பாவிலும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் யாஸ், நெதர்லாந்தின் கிளாவர்யாஸ், பிரான்சின் பெலோத் எல்லாம் ஒரே குடும்பம். அங்கே மற்றச் சின்னங்களை வெட்டும் துருப்புச் சின்னத்தில் மட்டும்தான் ஜாக்கிக்கும் ஒன்பதுக்கும் இந்த மரியாதை. மற்றச் சின்னங்களில் ஜாக்கி வெறும் ஜாக்கிதான். நம் ஆட்டத்தில் நான்கு சின்னத்திலும் அவனே பெரியவன். டச்சுக்காரர்கள் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அங்கே ஆண்டார்கள். அவர்கள் வழியாக ஆட்டத்தின் வித்து இங்கே வந்து விழுந்திருக்கலாம் என்பது சீட்டாட்டங்களின் வரலாற்றைத் துருவுகிறவர்களின் ஊகம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டுகளை ஒதுக்கினால் 32 மிஞ்சும். ஆடுபவர்கள் நால்வர்; எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஜோடி. சீட்டுப் போடுவது, கேட்பது, இறக்குவது எல்லாமே வலக்கைப் பக்கமாகச் சுற்றும்.

முதலில் ஆளுக்கு நான்கே சீட்டுகள். பாதிக் கையைப் பார்த்துவிட்டு, எங்கள் ஜோடி இத்தனை புள்ளி எடுத்துவிடும் என்று ஏலம் கேட்க வேண்டும். 304-இல் சரிபாதி 152. ஏலம் 160-இலிருந்து தொடங்கிப் பத்துப் பத்தாக ஏறும். கேட்க மனமில்லாதவர் பாஸ் சொல்லலாம். அதிகம் கேட்டவர் தன் நான்கு சீட்டில் ஒன்றைத் துருப்பாக எடுத்து மேசையில் கவிழ்த்து வைப்பார். அது என்ன சின்னம் என்று அவருக்கு மட்டுமே தெரியும். எதிரிக்குத் தெரியாது, ஜோடிக்கும் தெரியாது. பிறகு மீதி நான்கு சீட்டுகள் வரும்.

ஆட்டத்தின் உயிரே இந்தக் கவிழ்த்து வைத்த சீட்டில் இருக்கிறது. மற்ற விதிகள் எளியவை. முதலில் இறங்கிய சின்னம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும். அந்தச் சின்னத்தில் பெரியதைப் போட்டவர் நான்கு சீட்டையும் பிடிப்பார்; அடுத்துத் தொடங்குபவரும் அவரே. கையில் அந்தச் சின்னம் இல்லாதவர் எதை வேண்டுமானாலும் கவிழ்த்துப் போடலாம். சுற்று முடிந்ததும் ஏலம் எடுத்தவர் அந்தக் கவிழ்ந்த சீட்டை எடுத்துப் பார்ப்பார். துருப்பு இல்லையென்றால் வாய் திறக்காமல் அப்படியே வைத்துவிடுவார். துருப்பாக இருந்தால் ரகசியம் உடைந்தது. மேசையில் இருந்த துருப்பைத் திருப்பிக் காட்டிவிட்டுக் கையில் எடுத்துக்கொள்வார், வெட்டியவர் அந்தச் சுற்றைப் பிடிப்பார். இருபத்தெட்டில் இது வேறு மாதிரி. சின்னம் இல்லாதவர் துருப்பைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

விதியாகப் படித்தால் தலை சுற்றும். ஓர் ஆட்டத்தைக் கூடவே உட்கார்ந்து பார்த்தால் விளங்கிவிடும். மாலாவும் ராஜனும் ஒரு ஜோடி, சேகரும் குமாரும் இன்னொரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். மாலாவுக்கு வலப்பக்கம் சேகர், எதிரே ராஜன், இடப்பக்கம் குமார். சீட்டுப் போட்டது குமார். ஆகவே முதலில் கேட்பதும் முதலில் இறக்குவதும் மாலா.

மாலாவின் முதல் நான்கு சீட்டுகள்: ஸ்பேடில் ஜாக்கி, ஒன்பது, ஏழு, ஆட்டின் ஆஸ். 170 என்கிறார். சேகர் 180. ராஜனும் குமாரும் பாஸ். மாலா ஒரு கணம் யோசித்து 200 என்கிறார், சேகர் விட்டுவிடுகிறார். ஸ்பேடு ஏழு மேசையில் கவிழ்கிறது. துருப்பாக வைக்க ஜாக்கியை எடுக்காமல் ஏழை எடுத்ததைக் கவனியுங்கள். பெரிய சீட்டு கையிலேயே இருக்கட்டும். மீதி நான்கு வருகின்றன: ஸ்பேடு ராணி, கிளாவர் ஜாக்கி, ஆட்டின் எட்டு, டைமன் ராஜா.

முதல் சுற்றில் மாலா கிளாவர் ஜாக்கியை இறக்குகிறார். சேகர் ஏழு போடுகிறார். ராஜன் கையில் கிளாவரில் ஒன்பது, ஆஸ், ராஜா மூன்றும் இருக்கின்றன. ஜாக்கியை மீறிய கிளாவர் எதுவும் இல்லை, சுற்று பெரும்பாலும் மாலாவுக்குத்தான். ஆகவே புள்ளி சேர்த்துக் கொடுக்க வேண்டிய இடம் இது. புதிதாக ஆடுபவர் ராஜாவைப் போட்டு ஆஸைக் காப்பாற்றுவார். கை பழகிய ராஜன் ஆஸைக் கொடுத்துவிடுகிறார். ஒன்பதைக் கொடுக்காததற்கும் காரணம் உண்டு. ஜாக்கி போய்விட்டதால் இனிக் கிளாவரில் பெரிய சீட்டு ஒன்பதுதான். குமார் எட்டு போடுகிறார். 41 புள்ளி மாலா பக்கம்.

அடுத்து மாலா ஆட்டின் எட்டை இறக்குகிறார். ஆஸைக் கையில் வைத்துக்கொண்டு எட்டை இறக்குவது ஜோடியைப் பார்த்துக் கேட்கும் கேள்வி: உன்னிடம் பெரியது இருக்கிறதா? சேகர் ராஜா, ராஜன் ஜாக்கி, குமார் ராணி. 35 புள்ளி, மொத்தம் 76.

மூன்றாவது சுற்றில் ராஜன் தன் கிளாவர் ஒன்பதை இறக்க, குமார் ராணியைப் போடுகிறார். மாலாவிடம் கிளாவர் இல்லை. ஜோடி பிடிக்கப்போகிறார் என்ற நம்பிக்கையில் ஆட்டின் ஆஸைக் கவிழ்த்துப் போடுகிறார். கடைசியாக சேகர். அவரிடமும் கிளாவர் தீர்ந்துவிட்டது. துருப்பு எதுவென்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் ஸ்பேடாக இருக்கலாம் என்று நினைத்து ஸ்பேடு எட்டைக் கவிழ்க்கிறார். மாலா எடுத்துப் பார்த்ததும் முகம் சுருங்குகிறது. துருப்பு திறக்கிறது, 33 புள்ளி எதிரிக்குப் போகிறது. ராஜனின் ஒன்பதும் மாலாவின் ஆஸும் அதில் போய்விட்டன.

நான்காவதில் சேகர் டைமன் ஜாக்கியை இறக்க, குமார் ஆஸைச் சேர்க்க, மாலாவின் ராஜாவும் மாட்டிக்கொள்ள, 44 போகிறது. ஐந்தாவதாக சேகர் டைமன் ஒன்பதைப் போட்டுத் தவறுகிறார். டைமன் தீர்ந்துவிட்ட மாலா துருப்பு ஏழால் வெட்டி 22 எடுக்கிறார். இனி அவர் கையில் இருப்பது மூன்றும் துருப்பு. ஸ்பேடு ஜாக்கியை இறக்கியதும் ஊரில் மிச்சமிருந்த ராஜா, பத்து, ஆஸ் மூன்றும் வந்து விழுகின்றன, 54. கணக்கு 152. அடுத்து ஸ்பேடு ஒன்பது, 43. கணக்கு 195. ஐந்து புள்ளி குறைகிறது, கையில் இருப்பது வெறும் ராணி. ஆனால் துருப்பு வேறு யாரிடமும் இல்லை. ராணியின் காலடியில் சேகரின் ஆட்டின் ஒன்பதும் குமாரின் பத்தும் விழ, 32 வருகிறது. முடிவில் 227.

முதல் சுற்றில் ராஜன் ஆஸுக்குப் பதில் ராஜாவைப் போட்டிருந்தால்? கடைசி ராணிவரை காத்திருந்த இந்த ஆட்டத்தில் எட்டுப் புள்ளி சின்னத் தொகை இல்லை. ஜோடி ஆட்டத்தில் நல்ல ஆட்டக்காரரை அடையாளம் காண அவர் பிடித்த சுற்றுகளை எண்ண வேண்டியதில்லை; ஜோடி பிடிக்கும் சுற்றில் அவர் எதைப் போடுகிறார் என்று பார்த்தாலே போதும்.

ஏலம் கேட்பதிலும் இதே கதைதான். ஜோடி 170 கேட்டிருக்கும்போது தானும் குறுக்கே விழுந்து கேட்பது அவர் கையை நம்பாததற்குச் சமம். அதனால்தான் பல இடங்களில் ஜோடியை மீறிக் கேட்பதென்றால் 200-க்குக் குறையக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இருபத்தெட்டில் அந்த எல்லை 20. ஏலம் எடுத்து வென்றால் கிடைப்பதைவிடத் தோற்றால் இழப்பது அதிகம் என்பதும் வாயை அடக்கத்தான். உச்சத் துணிச்சல் ஒன்றும் உண்டு. ஜோடியின் சீட்டுகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, தனியாக எட்டுச் சுற்றையும் பிடிப்பேன் என்று சொல்லலாம். ஒரு சுற்று நழுவினாலும் தோல்வி.

ஜோடியிடம் எதையும் சொல்ல மூன்று வழிதான்: கேட்ட எண், போட்ட சீட்டு, போடாத சீட்டு. இருமல், பெருமூச்சு, சீட்டை மேசையில் ஓங்கி அடிப்பது எல்லாம் கள்ள ஆட்டம். திண்ணை ஆட்டத்தில் இதற்குச் சண்டை வரும், அரை மணியில் ஆறிவிடும். உலகப் போட்டியில் ஆறாது. இதே ஜோடி வகையைச் சேர்ந்த பிரிட்ஜ் ஆட்டத்தின் உலக அணிப் போட்டி 2015-இல் சென்னையில் நடந்தது. அதற்குச் சில வாரம் முன்பு, முன்னணி ஜோடிகள் சில ரகசியக் குறி வைத்து ஆடியதாகக் குற்றச்சாட்டு கிளம்பியது. பழைய ஆட்டங்களின் காணொளிகளை ஆட்டக்காரர்களே உட்கார்ந்து அலசினார்கள். மேசையில் சீட்டை நெட்டாக வைத்தால் ஒரு பொருள், குறுக்காக வைத்தால் வேறு பொருள் என்றெல்லாம் குற்றம் சாட்டப்பட்டது. இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் சென்னைக்கு வராமலே விலகின. போலந்தின் ஒரு ஜோடிக்குக் கடைசி நேரத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. மிச்சமிருந்தவர்களோடு ஆடிப் போலந்துதான் அந்தப் போட்டியின் பெர்முடா கோப்பையை வென்றது. மூன்றாண்டு கழித்து, 2018 ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கினார்கள். பர்தனுக்கு அப்போது வயது 60. சீட்டைக் கையில் எடுத்தாலே சூதாட்டம் என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்குச் சொல்லிவைக்கத் தக்க செய்தி.

ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு சொல். முதல் சில ஆட்டங்களுக்குத் துருப்பைக் கவிழ்க்காமல் எல்லோரும் பார்க்கத் திறந்தே வையுங்கள். 30, 20, 11, 10 மனத்தில் பதிந்த பிறகு மூடி ஆடலாம். ஊருக்கு ஊர், ஏன், தெருவுக்குத் தெரு விதி மாறும்: எந்த எண்ணில் கேட்கத் தொடங்குவது, எட்டுச் சீட்டும் வந்த பிறகு மறுபடி கேட்கலாமா, முதல் நான்கில் ஒன்றுமே இல்லாதவர் திரும்பப் போடச் சொல்லலாமா என்பதையெல்லாம் சீட்டைக் கலைக்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பழகுகிறவரைப் பழகியவருக்கு எதிரே ஜோடியாக உட்கார வையுங்கள். ஆட்டம் முடியும்வரை அவர் போட்ட சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள்.