வேளாண் கல்லூரியில் சேருமுன் ஓர் இரவு தங்கிப் பாருங்கள்

பிள்ளையை வேளாண் படிப்பில் சேர்க்க நினைக்கும் விவசாயிகள், கலந்தாய்வுக்கு முன்பே கல்லூரியைப் பார்த்துவருவது நல்லது. பகலில் கட்டடத்தைப் பார்த்துத் திரும்பினால் போதாது. ஓர் இரவாவது தங்க வேண்டும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1868-ல் சைதாப்பேட்டையில் பள்ளியாகத் தொடங்கி, பின்னர் கோவைக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகமானது. தாவரவியல் பூங்கா, 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் எல்லாம் ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம். பிள்ளைக்கு அதிலேயே ஆசை வந்துவிடும். ஆனால் நான்கு ஆண்டு கழியப்போவது விடுதியிலும் வயலிலும்தான்.

தெரிந்த மாணவர் இருந்தாலும் காப்பாளர் அனுமதியின்றி விடுதியில் தங்கக்கூடாது. கிடைக்காவிட்டால் ஊருக்குள் அறை எடுத்துக்கொண்டு, மாலையில் மாணவர்களிடம் பேசச் செய்யுங்கள். மெஸ் செலவு மாதம் எவ்வளவு, தமிழ் வழியில் படித்தவர் ஆங்கிலப் புத்தகத்தை எப்படிச் சமாளிக்கிறார் என்று பிள்ளையே கேட்கட்டும். அப்பா பக்கத்தில் நின்றால் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்; சற்றுத் தள்ளி டீக்கடையில் உட்காருங்கள்.

மறுநாள் விடியலில், கேட்டுக்கொண்டு வயல் பக்கம் போங்கள். செய்முறைப் பாடத்துக்கு மாணவர்களே விதைத்து, களையெடுத்து, அறுவடை செய்ய வேண்டும். இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பழக வேண்டும். சேற்றிலிருந்து தப்பிக்கவே படிப்பு என்று எண்ணும் பிள்ளை இங்கே முகம் சுளித்தால், அது இப்போதே தெரிவது மேல். சேர்ந்தபின் விலகினால் ஒரு வருடம் வீண். நகையை அடகு வைத்த பணமும் கரையும்.

மதுரை, கிள்ளிகுளம், திருச்சி கல்லூரிகளும் இதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவையே. பக்கத்தில் உள்ளதை முதலில் பாருங்கள்.