பரியாரியும் படகும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் சாப்பாடு செமிக்காமல் வயிறு ஊதினால் இன்றும் முதலில் கை போவது சரக்குப் பெட்டிக்குத்தான். வேர்க்கொம்பு, மிளகு, நற்சீரகம், ஓமம், உள்ளி ஆகியவற்றை இடித்து அவித்த குடிநீர். அதன்பின் இரண்டு நாள் பத்தியம். இத்தகைய கைமருந்துகளின் பின்னே ஒரு மரபு இருக்கிறது. இலங்கையின் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் எல்லாவற்றையும் ஆயுர்வேதம் என்ற ஒரே பெயருக்குள் அடக்கியது. ஆனாலும் யாழ்ப்பாணத்துப் பரியாரிமார் வழிவழியாகக் கைக்கொண்டது சித்த மருத்துவம். செகராசசேகரம், பரராசசேகரம் என அரசரின் பெயர் தாங்கிய வைத்திய நூல்கள் அதற்கு உண்டு. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனி அலகும் தொடங்கியது. இந்த மரபு நிலைக்க வேண்டும். நிலைக்கும்போது மருந்தோடு அதன் எல்லையையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். கடல் சூழ்ந்த ஊரில் அந்த எல்லை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது.

நிரூபிக்கப்படாததைத் தூக்கி எறியுங்கள் என்பார் உண்டு. இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதற்கு மருத்துவப் பரிசோதனைகளே சான்று. ஓமத்திலுள்ள தைமோல் ஆய்வுகூடத்தில் கிருமிகளைக் கொல்கிறது. மனித வயிற்றிலும் அப்படியே செய்யும் என்று அதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. பத்தியத்தில் கொடுக்கும் உப்புக் கஞ்சியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அரிசிமாவில் செய்த நீரூட்டக் கரைசல் வாந்திபேதியில் நன்றாக உதவுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 1971இல் வங்காள அகதி முகாமொன்றில் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயால் பருகக் கொடுத்தே, சுமார் 30 சதவீதமாக இருந்த வாந்திபேதி மரணத்தை 4 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார் மருத்துவர் திலீப் மகலநோபிஸ். வயிற்றோட்டத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பே. மாதுளந்தோல் போன்ற துவர்ப்புச் சரக்கு ஓட்டத்தைக் கட்டலாம். இழந்த நீரை அது ஈடுசெய்யாது.

முன்னோர் இதனாலேயே வாழ்ந்தார்களே என்ற வாதம் மறுபக்கம். பிழைத்தவர்கள் சொன்னதே நம் காதுக்கு எட்டியிருக்கிறது. மருந்து கைவிட்ட குழந்தைகளின் கதையைச் சொல்ல எவருமில்லை. மூலிகை என்றாலே தீங்கில்லை என்பதும் சரியன்று. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. வீட்டில் இடித்த வேர்க்கொம்பையும் சீட்டு ஒட்டிய போத்தலையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் தரைவழி உண்டு. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் நோய் முற்றினால், கடல் கடந்து குறிகட்டுவான் துறைக்கு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நெடுந்தீவுப் படகுக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு மணிநேரம். காற்று எழுந்தால் அதுவும் நிச்சயமில்லை. ஆகவே "விடியப் பார்ப்பம்" என்ற சொல் இங்கே ஆபத்தானது. மலத்தில் இரத்தம், குழந்தைக்குச் சிறுநீர் போகாமை, கண் குழிதல், குடித்ததெல்லாம் வாந்தியாதல், இவற்றில் ஒன்று கண்டாலும் குடிநீர் அவிக்க நேரம் செலவிடாதீர்கள். சரக்குப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஜீவனி என்ற நீரூட்டக் கரைசல் பைக்கற்றுகளையும் வைத்திருங்கள். கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஒன்றைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கியபடியே படகேறுங்கள்.