மேசை மேல் ஒரு போர்க்களம்

ஆடு புலி ஆட்டம் தெரியாத தோட்டத்துப் பிள்ளை ஒரு காலத்தில் இருந்ததில்லை. லயத்து வாசல் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் கோடு கிழித்து, 3 புலிகளுக்கு 3 கல்லும் 15 ஆடுகளுக்கு 15 ரப்பர் கொட்டையும் வைத்து உட்கார்ந்துவிட்டால், அம்மா கூப்பிடுவதுகூடக் காதில் விழாது. புலிக்குப் பலம் அதிகம். ஆட்டுக்கு எண்ணிக்கை அதிகம். இரண்டு தரப்பும் சமமில்லை. ஆனாலும் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. அதுதான் அந்த ஆட்டத்தின் சுவை.

இதே சுவையை நாடி, பல நாடுகளில் வளர்ந்த மனிதர்கள் ஓய்வு நாளில் நண்பர்களாகக் கூடி வேறோர் ஆட்டம் ஆடுகிறார்கள். சரித்திரத்தில் உண்மையாகவே நடந்த சண்டைகளைச் சின்னஞ்சிறு பொம்மைச் சிப்பாய்களை வைத்து மேசை மேல் மறுபடியும் நடத்திப் பார்க்கும் ஆட்டம் அது. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ சண்டை 1815ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஆனால் இந்த நண்பர்களின் மேசை மேல் அது இன்னும் முடியவில்லை!

பொம்மை வைத்து விளையாடுவது பிள்ளைகளின் வேலையல்லவா என்று நினைக்கத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். நம் பேராக் மண்ணில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே நடந்த ஒரு சண்டையையும் இப்படி ஆடிப் பார்க்கலாம். அதற்குமுன் இந்த ஆட்டம் பிறந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

தளபதியை அசத்திய ஆட்டம்

ஜெர்மனியின் பழைய பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் இருந்தார்கள். தந்தை 1812ஆம் ஆண்டில் மரக்கட்டைகளைப் படைகளாக வைத்து ஆடும் போர் ஆட்டம் ஒன்றை அமைத்தார். படை அதிகாரியான மகன் அதைத் திருத்தி, 1824ஆம் ஆண்டில் நில வரைபடத்தின் மேல் ஆடும்படி விதிகளை எழுதினார். இரு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர் இருப்பார். எதிரி எங்கே நிற்கிறான் என்பது அவருக்குத்தான் முழுமையாகத் தெரியும். ஆடுகிறவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே தெரியும். சேதத்தைப் பகடை உருட்டிக் கணக்கிடுவார்கள்.

படைத் தலைமை அதிகாரியான முஃப்லிங் என்பவர் இந்த ஆட்டத்தைப் பெரிய அக்கறையில்லாமல்தான் பார்க்க வந்தாராம். ஆட்டம் நடக்க நடக்க அவருக்கே ஆர்வம் பிடித்துக்கொண்டது. இது விளையாட்டல்ல, போர்ப் பயிற்சியே என்று பாராட்டி, படை முழுவதற்கும் அதைப் பரிந்துரை செய்தார்.

அதிகாரிகளின் கையில் இருந்ததைப் பொதுமக்களின் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஓர் எழுத்தாளர். காலத்தில் பயணம் செய்யும் இயந்திரத்தைக் கற்பனை செய்து கதை எழுதிய எச். ஜி. வெல்ஸ்தான் அவர். வீட்டுத் தரையில் ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து, மரக் குச்சியைச் சுடும் பொம்மைப் பீரங்கியால் அவற்றை வீழ்த்தி, நண்பர்களோடு ஆடினார். 1913ஆம் ஆண்டில் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தில் அந்த விதிகளை வெளியிட்டார். நிஜப் போரைவிட இந்தப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பதே அவருடைய கருத்து. அடுத்த ஆண்டே, 1914இல், முதல் உலகப் போர் மூண்டது. பொம்மையோடு நின்றிருக்கக் கூடாதா என்று நினைக்கத் தோன்றுகிறது!

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் என்ற ஆங்கிலேயர், 1962ஆம் ஆண்டில் இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் மலிவான பிளாஸ்டிக் சிப்பாய்களும் அதே காலத்தில் கடைகளுக்கு வந்தன. கைக்காசு குறைவான இளைஞர்களும் படை திரட்டலாம் என்ற நிலை வந்தது. ஆட்டம் பரவியது.

சிலிம் ரிவரில் நடந்தது என்ன?

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அன்று முதல் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் பின்வாங்கியபடியே இருந்தன. கம்பாரில் நான்கு நாள் உறுதியாக நின்று சண்டையிட்டார்கள். ஆனால் ஜப்பானியர் கடல் வழியாக வந்து பின்பக்கம் இறங்கவே, அங்கிருந்தும் தெற்கே நகர வேண்டியதாயிற்று. துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை பெரிய சாலையை ஒட்டி அடுத்த தற்காப்பை அமைத்தார்கள்.

அங்கே நின்றவர்கள் யார்? ஹைதராபாத் படைப்பிரிவினர், பஞ்சாபியர், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள். எங்கெங்கோ பிறந்தவர்கள் நம் ரப்பர் மரங்களுக்கு அடியில் குழி வெட்டிக் காத்திருந்தார்கள். ஒரு மாதமாகச் சரியான தூக்கம் கிடையாது. அவர்களுக்குத் துணையாக அப்போது மலாயாவில் ஒரு டாங்கிகூட இல்லை.

1942 ஜனவரி 7ஆம் தேதி, விடியற்காலை மூன்றரை மணி. ஜப்பானியர் இருபது முப்பது டாங்கிகளைச் சாலை வழியாகவே அனுப்பினார்கள். பின்னால் லாரிகளில் சிப்பாய்கள். தற்காப்பில் இருந்தவர்களிடம் கண்ணிவெடிகள் இருந்தும், மிகச் சிலவே சாலையில் போடப்பட்டிருந்தன. இன்னொரு விஷயமும் ஜப்பானியருக்குக் கை கொடுத்தது. பெரிய சாலையை முன்பே நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுப் பாதைகள் பக்கத்திலேயே கிடந்தன. முன்னால் தடை இருந்தால், டாங்கிகள் அந்தப் பழைய பாதையில் புகுந்து தடைக்குப் பின்னால் வந்து ஏறின.

முன்னால் நடப்பது பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. செய்தி வருவதற்கு முன்பே டாங்கி வந்துவிட்டது. கிளனி தோட்டத்துப் பக்கம் சாலையோடு வரிசையாக நடந்துகொண்டிருந்த கூர்க்காச் சிப்பாய்களைப் பின்னாலிருந்து வந்த டாங்கிகள் சுட்டு வீழ்த்தின. சிலிம் ஆற்றுப் பாலம் உடைக்கப்படாமலே எதிரியின் கையில் சிக்கியது. பாலத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஒரு பீரங்கி, முன்னால் வந்த டாங்கியை நெருக்கத்தில் சுட்டுத் தகர்த்த பிறகுதான் அந்த ஓட்டம் நின்றது. ஆறு மணி நேரத்தில் சுமார் 30 கிலோமீட்டர்!

இரண்டு பெரிய படைப்பிரிவுகள் சிதறின. சுமார் 3,000 பேர் கைதானார்கள். ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூரும், பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் விழுந்தன.

நாமும் ஆடிப் பார்ப்போம்

இந்தச் சண்டையை வீட்டிலேயே ஆடலாம். கடையில் பொம்மை வாங்க வேண்டியதில்லை. 6 அடி நீள மேசை இல்லாவிட்டால் தரையே போதும். பழுப்புக் காகிதத்தை நீளமாக வெட்டிச் சாலை போடுங்கள். பக்கத்தில் இரண்டு இடங்களில் மெல்லிய காகிதத்தால் பழைய வளைவுப் பாதை. கடைசியில் நீலத் துணி ஆறு, அதன் மேல் அட்டைப் பாலம். பச்சை வர்ணம் பூசிய பஞ்சுத் துண்டுகள் ரப்பர் மரங்கள். ரப்பர் கொட்டை 30 எடுத்தால் அவை தற்காப்புச் சிப்பாய்கள். 6 தீப்பெட்டிகள் டாங்கிகள். 2 பீரங்கிகளுக்கு நூல்கண்டுக் கட்டை. ஒரு பகடை, ஒரு அளவுகோல், தாள், பென்சில். அவ்வளவுதான்.

மூன்று பேர் வேண்டும்: தாக்குபவர், தற்காப்பவர், நடுவர். தொடக்கத்திற்குப் பின்வரும் விதிகள் போதும்.

ஆட்டம் 12 சுற்று. ஒரு சுற்று அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாங்கி சாலையில் 10 அங்குலம் நகரும். பழைய பாதையில் 5 அங்குலம். சிப்பாய் 3 அங்குலம் நகரலாம். பீரங்கி 10 அங்குலத்துக்குள் இருக்கும் டாங்கியைச் சுடலாம். பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் டாங்கி ஒழிந்தது. கண்ணிவெடி போட்ட இடத்தில் 4, 5, 6 விழுந்தால் டாங்கி ஒரு சுற்று நிற்க வேண்டும். டாங்கிக்கு 4 அங்குலத்துக்குள் வெளிச் சாலையில் அகப்பட்ட சிப்பாய்கள், 4க்கு மேல் போடாவிட்டால் சிதறிப்போவார்கள்.

முக்கியமான விதிகள் இரண்டு. ஆட்டத்துக்கு முன் தற்காப்பவருக்கு 4 தீக்குச்சிகள் கொடுங்கள். களைத்துப்போன படைக்கு மிஞ்சியிருக்கும் உழைப்பு அது. கண்ணிவெடி போடுவது, பழைய பாதையை அடைப்பது, பீரங்கியை முன்னால் கொண்டுபோவது, சிப்பாய்களைத் தூங்கவிடுவது, இந்த ஒவ்வொன்றுக்கும் 2 குச்சி. தூங்காத சிப்பாய்கள் பகடையில் ஒன்று குறைத்துக் கணக்கிட வேண்டும். நான்கில் இரண்டைத்தான் செய்ய முடியும். எதை விடுவீர்கள்?

அடுத்தது, தற்காப்பவர் பின்னால் இருக்கும் படைக்கு வாயால் கட்டளை சொல்லக்கூடாது. தாளில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். பகடையில் எத்தனை விழுகிறதோ அத்தனை சுற்று கழித்துத்தான் கட்டளை போய்ச் சேரும். பாலத்தை உடைப்பதற்கும் இதே விதிதான். டாங்கி 12 சுற்றுக்குள் பாலத்தைத் தாண்டினால் தாக்குபவருக்கு வெற்றி.

ஆடிப் பாருங்கள். பாலத்தை உடைக்கச் சொல்லி முதல் சுற்றிலேயே சீட்டு எழுதலாம். ஆனால் அது சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் உங்கள் சிப்பாய்கள் அத்தனை பேரும் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொள்வார்கள். கொஞ்சம் பொறுப்போம் என்று பொறுத்தால், சீட்டு நடுவர் கையில் இருக்கும்போதே தீப்பெட்டி பாலத்தில் ஏறிவிடும்!

பலர் படித்துவிட்டு, "ஏன் கண்ணிவெடி போடவில்லை? ஏன் பாலத்தை உடைக்கவில்லை? மடையர்கள்!" என்கிறார்கள். ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆடியவர் அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டார். தவறுகள் நடந்தது உண்மை. அவை எப்படி நடக்கின்றன என்பதும் உண்மை. தூக்கமில்லாத கண், வராத செய்தி, நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிப்போட்ட வேலை. எதிரி மாயாவி அல்ல. நம் பக்கத்தில் நின்றவர்கள் கோழைகளும் அல்ல.

மேசையில் இல்லாதவர்கள்

ஆட்டம் முடிந்ததும் ஒரு நிமிடம் அந்த மேசையைப் பாருங்கள். சாலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, ரப்பர் மரங்கள் இருக்கின்றன. அந்த மரங்களில் பால் வெட்டியவர்கள் எங்கே?

உலகத்தில் விற்கும் பொம்மைப் பெட்டிகளில் சிப்பாய் உண்டு, பீரங்கி உண்டு. உளியும் வாளியுமாக நிற்கும் பால்வெட்டுக்காரப் பெண்ணுக்குப் பொம்மை கிடையாது. ஆனால் படைகள் தோட்டங்களுக்கு நடுவேதான் மோதின. வெள்ளைக்காரத் துரைமார்கள் போய்விட்டார்கள். ரப்பரை ஏற்றுமதி செய்ய வழியில்லாமல் வேலை நின்றது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிற்றைக் கழுவினார்கள். அந்த ஆண்டே தொடங்கிய சயாம் ரயில் பாதைக்கு, 415 கிலோமீட்டர் நீளப் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

ஆறு மணி நேரச் சண்டையின் பின்விளைவு இத்தனை தூரம் போனது. மேசையில் அதைக் கணக்கிட எந்த விதியும் இல்லை.

"போரை விளையாட்டாக்கலாமா? பிள்ளைகளுக்கு இது நல்லதா?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. சுடுவதையும் கொல்வதையும் ரசிப்பதற்காக ஆடினால் நல்லதல்ல. ஏன் நடந்தது, யார் என்ன இழந்தார்கள் என்று கேட்பதற்காக ஆடினால் அது நல்ல பாடம். ஆகவே நம் ஆட்டத்தில் இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்வோம். சாலையோரத்தில் அட்டையால் ஒரு லயம் செய்து வையுங்கள். ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தவரோ தோற்றவரோ, வீட்டுப் பெரியவரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "ஜப்பான்காரன் காலத்தில் நம் குடும்பம் எங்கே இருந்தது?"

அன்று 10 வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று 90ஐத் தாண்டியவர்கள். அவர்கள் இல்லையென்றால், அவர்கள் சொல்லக் கேட்ட மகனோ மகளோ இருப்பார்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பேரும் தோட்டத்தின் பேரும் குறித்து வையுங்கள்.

விழுந்த ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி, அடுத்த வாரம் மறுபடியும் வரிசையாக நிறுத்திவிடலாம். போன மனிதர்களை அப்படி நிறுத்த முடியாது. அவர்கள் பேரையாவது நிறுத்தி வைப்போம்.